சாணையும் மூலைமட்டமும்

நம் ஊர்த் தெருக்களில் சாணை பிடிக்கிறவரை எல்லாரும் பார்த்திருப்போம். காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றி, அரிவாளையும் கத்தியையும் அதன்மேல் வைத்துத் தீட்டிக் கொடுப்பார். பறக்கும் பொறியைப் பார்ப்பதற்கென்றே சிறுவர்கள் கூடுவோம். பொறியியல் பயில வந்த பின்னர், அதே சாணைத் தொழில் தொழிற்சாலைக்குள் வேறோர் உருவில் இருக்கக் கண்டேன். அங்கே வேண்டுவது கூர்மை அன்று, சமதளமும் நேர்மூலையும். கணக்கு மைக்ரானில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில். நம் தலைமயிரின் பருமனே சுமார் 50 முதல் 100 மைக்ரான் என்றால் அதன் நுட்பம் விளங்கும்.

இலக்கியமும் பொருளாதாரமும் பயிலும் அன்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் ஒருவருடைய கூலிப் பிரச்சினையும் இருக்கிறது.

இயந்திரத்தில் ஓர் இரும்புத் துண்டைச் சீவவோ குடையவோ வேண்டுமானால், முதலில் அதை அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்காக உள்ளவை வைஸ், ஆங்கிள் பிளேட், வீ-பிளாக், ஒவ்வொரு வேலைக்கென்றே தனியாகச் செய்யும் பிக்ஸ்சர் முதலியன. தச்சரின் மூலைமட்டம் பிசகினால் கதவு நிலை முழுதும் பிசகுவதுபோல, பிடிக்கும் சாதனம் கோணலானால் அதில் பிடித்துச் செய்யும் பொருள் அத்தனையும் கோணலாகும். இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் பயனில்லை.

மாணவனாக இருந்தபோது, ஒரு விடுமுறையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெற்றேன். அங்கே மில்லிங் இயந்திரத்தில் வேலை செய்தவர் வயது முதிர்ந்த ஒரு மிஸ்திரி. ஒருநாள் 60 எஃகுத் துண்டுகளின் ஒரு முனையை மட்டும் பக்கத்திற்கு நேர்மூலையாகச் சீவும் வேலை அவரிடம் வந்தது. சீவி முடித்து அளந்தபோது, 60 துண்டுகளும் 50 மில்லிமீட்டர் அகலத்தில் 0.04 மில்லிமீட்டர் கோணியிருந்தன. வைஸைத் துடைக்காமல் சீவல் கிடக்கத் துண்டுகளைப் பிடித்திருக்கிறார் என்று மேற்பார்வையாளர் முடிவு செய்து, அன்றைய கூலியைப் பிடித்துவிட்டார்.

மிஸ்திரி சத்தம் போடவில்லை. “சீவல் கிடந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி கோணியிருக்கும், சாப். இவை எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு” என்று மட்டும் கூறினார். யாரும் செவிசாய்க்கவில்லை. எனக்கோ உள்ளங்கை வேர்த்தது. ஏனென்றால், அதற்கு முந்தைய வாரம் அந்த வைஸின் அடிப்பாகத்திற்குச் சாணை பிடித்தவன் நான்.

சாணை இயந்திரத்தில் வேலைப் பொருளைப் பிடிப்பது காந்த மேடை. வைஸைத் தலைகீழாகக் கவிழ்த்து மேடைமேல் வைத்துக் காந்தத்தைச் செலுத்தினால் அது ஒட்டிக்கொள்ளும். சுழலும் சக்கரம் அடிப்பாகத்தை மெல்லிய அடுக்குகளாகச் சீவிச் செல்லும். மேடையைத் துடைத்த பிறகு துணியை நம்பாமல் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும் என்பது அங்குள்ளோர் வழக்கம். நான் தடவவில்லை. ஓர் ஓரத்தில் ஓர் இரும்புத் துகள் கிடந்திருக்கிறது. அன்றிரவு விடுதியில் கணக்குப் போட்டேன். 50-க்கு 0.04 என்றால், வைஸின் 100 மில்லிமீட்டர் நீளத்திற்கு 0.08. ஒரு மயிரளவு பருமனுள்ள துகள், அவ்வளவுதான்.

காந்த மேடை செய்யும் குறும்பு இது ஒன்றன்று. வளைந்த மெல்லிய தகட்டை அதன்மேல் வைத்தால், காந்தம் அதை இழுத்துத் தட்டையாக்கிவிடும். சாணை பிடிக்கும் வரையில் கண்ணாடிபோல் இருக்கும். காந்தத்தை நிறுத்தியதும் பழையபடி வளைந்துகொள்ளும். ஆதலால் தகட்டின் அடியில் உள்ள இடைவெளிக்குத் தக்கவாறு மெல்லிய தகடு செருகி, காந்தம் இழுக்க இடமின்றிச் செய்து முதல் முகத்தைச் சமமாக்குவார்கள். பின்னர்த்தான் புரட்டிப் போடுவார்கள்.

அடுத்த பகை சூடு. சக்கரம் உராயும்போது மேல்முகம் சூடேறி விரிகிறது. அடிமுகம் குளிர்ந்தே இருக்கிறது. அதனால் துண்டு நடுவில் சற்றே மேலெழும்புகிறது. எழும்பிய நடுவைச் சக்கரம் கூடுதலாக அறுத்துவிடும். ஆறியபின் பார்த்தால் நடுவில் பள்ளம்! மழுங்கிய சக்கரம் வெட்டாமல் தேய்ப்பதால் இன்னும் சூடாகும். ஆகவே வைரமுனையால் சக்கரத்தின் முகத்தை அடிக்கடி சீர்செய்து, நீர் பாய்ச்சி, கடைசியில் மேலும் இறக்காமல் பொறி அடங்கும் வரை பலமுறை ஓட்டுவார்கள்.

அளப்பதிலும் உஷ்ணமே பிரதானம். 100 மில்லிமீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேலாக நீளும். கையில் சிறிது நேரம் வைத்திருந்தாலே அளவு மாறிவிடும். எந்த உஷ்ணத்தில் அளந்த அளவு உண்மையான அளவு என்ற சர்ச்சைக்கு 1931-இல் அகில உலக அளவைக் குழு 20 டிகிரி சென்டிகிரேடு என முடிவு கட்டியது. நம் நாட்டுக் கோடையில் அந்த அறையைக் குளிர்விப்பதற்கே தனிச் செலவு ஆகும்.

இனி ஒரு நியாயமான கேள்வி. மூலைமட்டம் சரியா என்று மற்றொரு மூலைமட்டத்தால் பார்க்கலாம். அந்த மற்றொன்று சரியென்பதற்கு யார் சாட்சி? சமதளத்திற்கு இதே கேள்வி எழுந்தபோது, ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் விடையை விளக்கிக் கட்டுரை படித்தார். இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்தால், ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருந்தாலும் பொருந்திவிடும். மூன்று பலகைகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் அந்த ஏமாற்று நடவாது. மூன்றும் சமமானால்தான் எல்லா ஜோடிகளும் பொருந்தும்.

நேர்மூலைக்கும் இப்படியொரு வழி உண்டு. அதை எனக்குக் கற்பித்தவர் அந்த மிஸ்திரியே. மறுநாள் காலை நான் மேற்பார்வையாளரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். மிஸ்திரியிடம் சொன்னபோது, அவர் கோபிக்காமல் ஒரு கனசதுரக் கட்டையை எடுத்து வைத்தார். அதன் இருபக்கங்கள் இணையானவை என மைக்ரோமீட்டரால் சரிபார்த்தார். பின்னர்ச் சமதளப் பலகைமேல் கட்டையை நிறுத்தி, ஒரு தாங்கியைக் கொண்டுவந்தார். தாங்கியின் அடியில் ஓர் உருண்டை முனை. மேலே டயல் இண்டிகேட்டர். முனை கட்டையின் பக்கத்தைத் தொட்டதும் டயலைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். அடுத்துக் கட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கத்தைத் தொட்டார். முள் 0.012 காட்டிற்று.

கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஒரு முகம் டயலை நோக்கிச் சாயும். எதிர்முகம் அதே அளவு விலகிச் சாயும். ஆதலால் வித்தியாசத்தில் சரிபாதியான 0.006 தான் கட்டையின் பிழை. உண்மையான நேர்மூலை இரண்டு அளவுகளுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. வெளியிலிருந்து எந்த மூலைமட்டமும் வேண்டியதில்லை! அந்த 0.006-ஐ அடிமுகத்தில் சாணை பிடித்து நீக்கி, மறுபடியும் திருப்பிப் பார்த்தோம். இருபுறமும் முள் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நின்றது.

அதன்பின் வைஸ். இம்முறை மேடையை நானே தடவினேன், அவரும் தடவினார். அடிப்பாகத்திற்கு மீண்டும் சாணை பிடித்து, ஆறவிட்டு, பலகைமேல் நிறுத்தி, சரிபார்த்த கட்டையை அடிமுகம் மேலே வருமாறு அசையாத தாடையோடு சேர்த்து இறுக்கினோம். கட்டையின் மேலே டயலை ஓட்டினால், 50 மில்லிமீட்டருக்கு முள் இரண்டு மைக்ரான் அளவே அசைந்தது. தாடை மேடைக்கு நேர்மூலை என்பதற்கு அதுவே சான்று.

மிஸ்திரிக்குப் பிடித்த கூலி அந்த வாரக் கடைசியில் திரும்பக் கிடைத்தது. 60 துண்டுகளில் நீளம் மிச்சமிருந்த 41 துண்டுகளை மறுபடியும் சீவிக் காப்பாற்றினார். மற்றவை பழைய இரும்புக் குவியலுக்குப் போயின.