மார்கழி விடியலில் பைக் பயணம்

அடி அண்ணாமலையிலிருந்து மார்கழி விடியலில் பைக்கில் கிளம்பினால் முதலில் விறைப்பவை விரல்கள். உடல் தன்னைச் சுற்றிச் சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை வண்டியின் வேகம் இடைவிடாமல் கலைத்துவிடுகிறது. 10 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது ஏறக்குறைய 5 டிகிரி போல உறைக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மெதுவாகப் போகிறவருக்கு இது பெரிதில்லை; ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் போகிறவருக்குப் பெரிது.

ஸ்வெட்டர் மட்டும் போதாது, பின்னல் வழியே காற்று நுழைந்துவிடும். அதன் மேல் ஜெர்கினோ மழைக்கோட்டோ போட்டால்தான் சூடு தங்கும். சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாளை மடித்து வைப்பது பழைய உத்தி. நன்றாகவே பலன் தரும். நெஞ்சு குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். உண்மையான ஆபத்து அதுதான். கையுறை இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் இன்னும் தடைபடும். மப்ளரின் நுனியைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும், தொங்கினால் சக்கரத்தில் சிக்கும். மது குளிரைப் போக்கும் என்பது தவறான நம்பிக்கை: அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.