ஞாயிறு சவாரியும் சனிக்கிழமை ஸ்பேனரும்



சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கலும்பாங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வழியாக ஒரு நடை நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள் நடு ஸ்டாண்டு போட்டு நிற்கும். பக்கத்திலே பால் டின்னில் மண்ணெண்ணெய், கிழிந்த பனியன், தேய்ந்துபோன பல் பிரஷ், இரண்டு மூன்று ஸ்பேனர்கள். வண்டிக்காரர் குந்தியிருப்பார். அவர் பிள்ளை டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருக்கும். மறுநாள் ஞாயிறு. அதுவும் சம்பளம் போட்ட வாரமென்றால் கேட்கவே வேண்டாம், எங்காவது ஒரு சுற்றுப் போயே ஆகவேண்டும்.

"தோட்டத்திலே இருக்கிறவனுக்கு மோட்டார் சைக்கிள் எதுக்கு?" என்று முன்பெல்லாம் பட்டணத்துக்காரர்கள் கேட்பார்கள். நாம் அவர்களைக் கலும்பாங்குக்கு வந்து ஒரு வாரம் தங்கச் சொல்லுவோம். ஊரில் ரயில் தண்டவாளம் இருக்கிறது, ஆனால் கொமுட்டர் ரயில் நிற்பதில்லை. ரயில் ஏற வேண்டுமானால் வடக்கே தஞ்சோங் மாலிம் போகவேண்டும், இல்லாவிட்டால் தெற்கே கெர்லிங்கைத் தாண்டிக் கோல குபு பாருவுக்கு. லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே செம்மண் பாதை. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவருக்கும், தஞ்சோங் மாலிமில் 2003 முதல் நடக்கும் புரோட்டோன் கார்த் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்கும், காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கும் வண்டிதான் கால். ஒரு நாள் வண்டி படுத்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

நம் மக்களிடம் அதிகம் இருப்பது கப்சாய்தான். அந்தப் பெயரே ஹோண்டாவின் 'கப்' என்ற வண்டிப் பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டி வந்தது. 1958-இல் ஜப்பானில் அந்த வண்டியை வெளியிட்டபோது, ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கடைப் பையன் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று நினைத்தே செய்தார்களாம். அதனால்தான் இடது கையில் கிளச் பிடி கிடையாது. நம் நாட்டுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கு லோ பூன் சியூ. எழுபதுகளில் சி70, 1987-லிருந்து இஎக்ஸ்5 என்று அது தோட்டம் தோட்டமாகப் பரவிய கதை நாம் அறிந்ததே. சீட்டு எடுத்து, தவணை கட்டி, முதல் வண்டியை லயத்துக்குக் கொண்டுவந்து தேங்காய் உடைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதைச் செய்தவர்கள் நல்ல மூளைக்காரர்கள். ரோட்டுத் தூசி, மண், மழை ஒன்றும் படாமல் செயினை முழுக்க மூடி ஒரு தகரக் கவசம் போட்டுக் கொடுத்தார்கள். நம் வாலிபர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிகிறார்கள். ஏன் தம்பி என்றால், "அதப் போட்டா கெழவன் வண்டி மாதிரி இருக்குண்ணே" என்கிறார்கள். தோட்டத்துச் செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. கவசம் இல்லாத செயினை அது அரைத்து அரைத்துத் தின்றுவிடும். பல்சக்கரத்தைப் பாருங்கள், பல் எல்லாம் சுறா மீன் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தால் அது செத்த சக்கரம். அதிலே புதுச் செயின் போட்டாலும் காசு வீண், இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

நாம் பார்த்த வாசல்களில் ஒன்றில் ஒரு தம்பி டேங்குக்கும் மட்கார்டுக்கும் மெழுகு போட்டு முகம் பார்க்கிற மாதிரி துடைத்து வைத்திருந்தார். செயினைக் கையால் தூக்கிப் பார்த்தோம். கயிற்றுக் கொடி மாதிரி தொங்கியது. கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் கழன்று விழும். ஆடவே ஆடாமல் இறுக்கினாலும் பேரிங் போய்விடும். இறுக்கும்போது சக்கரத்தின் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே அளவில் நிற்கவேண்டும். சக்கரம் பின்னால் நகர்ந்தால் பின் பிரேக்கும் மாறிப்போகும், அதையும் திருப்பிச் சரி பண்ணவேண்டும். அச்சு நட்டை முறுக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

இதைச் சொல்ல நமக்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மடியில் சாப்பாட்டுக் கேரியரோடு பத்துமலைக்குப் புறப்பட்டோம். முதல் நாள்தான் ஒரு பட்டறையில் புதுச் செயின் போட்டிருந்தோம். ராசா தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். செயின் கழன்று, வண்டி ஒரு இழுப்பு இழுத்து, இருவரும் புல்லிலே போய் உட்கார்ந்தோம். பின்னால் லோரி வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். செயினைப் பூட்டும் சின்னக் கிளிப்பை அவர்கள் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்கவேண்டும், திறந்த வாய் பின்பக்கம் இருக்கவேண்டும். ஐந்து காசு பெறாத தகரத் துண்டு அது. அன்றிலிருந்து பட்டறையில் செய்த வேலையையும் வீட்டுக்கு வந்து நாமே ஒருமுறை குனிந்து பார்க்கிறோம். வீட்டுக்காரி டார்ச் பிடிக்கிறாள், கூப்பிடாமலே வந்து பிடிக்கிறாள்.

கறுப்பு எண்ணெய் விஷயத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. கடையில் வாங்கும் போத்தல் ஒரு லிட்டர். இஎக்ஸ்5 மாதிரி வண்டிக்கு மாற்றும்போது வேண்டியது 0.7 லிட்டர்தான். "மிச்சம் வெச்சு என்ன பண்ண?" என்று முழுப் போத்தலையும் ஊற்றிவிடுகிறார்கள். கூடுதல் எண்ணெய் நுரைத்துக்கொண்டு சீல் வழியாகக் கசியும். அளவுக் குச்சியைத் துடைத்து, மரை திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்கவேண்டும். கார் எண்ணெய் மலிவு என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. இந்த வண்டியில் கிளச்சும் அதே எண்ணெயிலேதான் முங்கியிருக்கிறது. கார் எண்ணெய் சிலவற்றில் வழுக்கும் மருந்து கலந்திருக்கும், மேட்டில் ஏறும்போது இஞ்சின் கத்தும், வண்டி நகராது.

பழைய எண்ணெயை லயத்துக்குப் பின்னால் கானிலே ஊற்றாதீர்கள். அந்தக் கான் ஆற்றுக்குப் போகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு சிற்றாற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடு, கடைகளுக்குத் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். பழைய போத்தலிலேயே ஊற்றி மோட்டார் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிற கடைகள் உண்டு.

பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பது, காற்று வடிகட்டி ஸ்பாஞ்சாக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து எண்ணெய் தொட்டுப் போடுவது, காகிதமாக இருந்தால் தட்டிவிட்டுப் போடுவது இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கே தெரியும். நாம் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வரிசையில் ஓர் அக்காவைப் பார்த்தோம். இரவு ஷிப்டுக்கு வண்டி ஓட்டிப் போகிறவர். தம் வண்டி எண்ணெயைத் தாமே மாற்றுகிறார். பதினேழு வயது மகன் மறுநாள் கூட்டாளிகளோடு காப் வரைக்கும் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். லைசென்ஸ் இருக்கிறது. பதினாறு வயதிலேயே எடுக்கலாம் என்பது சட்டம்.

"மொதல்ல அந்தப் பின் பிரேக்கப் பிரிச்சு எனக்குக் காட்டு. அப்பறம் போறதப் பத்திப் பேசு," என்றார் அக்கா.

"நேத்துதான்மா பிடிச்சிச்சு!"

"நேத்து நீ மேட்டு லயத்துலேர்ந்து ஸ்டோருக்கு எறங்கினே. நாளைக்கு மலைலேர்ந்து எறங்கப் போறே."

அந்த அம்மாள் சொன்னதில் எவ்வளவோ விஷயம் இருக்கிறது. கோல குபு பாருவிலிருந்து காப் போகும் சாலை சிலாங்கூர் அணைக்கட்டு ஏரியை ஒட்டிப் போய், காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறுகிறது. காப்பிலிருந்து மேலே பிரேசர் மலை. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கெர்னி கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு இறந்தது இந்தச் சாலையில்தான். இன்று அங்கே பயப்படவேண்டியது வளைவுகளுக்கும், ஈர இலைக்கும், நம் பிரேக்குக்கும்தான். ஏறும்போது ஒன்றும் ஆகாது, வண்டி திணறும், அவ்வளவுதான். ஆபத்தெல்லாம் இறங்கும்போது. டிரம் பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே ஷூ சூடேறி, பிடி விட்டுப்போகும். மிதிப்பீர்கள், மிதி கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டாவது கியருக்கு மாற்றி, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட்டு, பிரேக்கை விட்டு விட்டுத் தொடவேண்டும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். மிச்சமாவது இருபது, முப்பது காசு.

மகன் சக்கரத்தைக் கழற்றினான். டிரம்முக்குள்ளே ஒரு பிடி செம்மண். ஷூ தேய்ந்து தகடு தெரிகிற நிலை. கழற்றாமலேகூட இது தெரியும்: பிரேக்கை மிதித்துப் பிடித்தால், வெளியே கையில் இருக்கும் அம்புக்குறி டிரம்மில் உள்ள கோட்டைத் தொடக்கூடாது. தொட்டால் ஷூ முடிந்தது என்று பொருள். பையன் ஒன்றும் பேசவில்லை. கடை மூடுமுன் கலும்பாங்குக்கு ஓடினான், அம்மா வண்டியில். திரும்பி வந்து ஷூ மாட்டியபோது மணி எட்டு. பிரேக் கம்பித்தண்டு நட்டில் பழைய ஸ்பிளிட் பின்னையே வளைத்துப் போடப் பார்த்தான். அக்கா தம் டின்னிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து நீட்டினார்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மலையைவிடக் கடல் பக்கம் நல்லது என்பது நம் கருத்து. ரவாங்குக்குப் போய் மேற்கே திரும்பினால், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்து 2007-இல் பெயர் மாறிய பெஸ்தாரி ஜெயா வரும். அந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார். பெயர் தென்னை மரம், நட்டது செம்பனை! குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டிச் சொல்லலாம். அப்புறம் கோல சிலாங்கூரில் மெலாவத்தி குன்று, கலங்கரை விளக்கம், பிள்ளைகள் கையிலிருந்து கச்சான் பிடுங்கும் குரங்குகள். இருட்டினால் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மின்மினிப் பூச்சிகள். மின்மினி பார்த்தால் திரும்புவது இரவாகும், ஆகவே பின் லைட் எரிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். முன் லைட்டைப் பகலிலும் போடவேண்டும் என்பது 1992 முதல் சட்டம். ஹெல்மெட் 1973 முதல். ஒரு வண்டியில் இருவர்தான். நால்வர் குடும்பம் ஒரே வண்டியில், நடுவில் ஒன்று, கூடையில் ஒன்று என்று போவதை நாம் இன்னமும் பார்க்கிறோம். பஸ்சுக்குக் காசு இல்லாமல் அல்ல, பஸ்சே இல்லாமல்தான். அதைத் திட்டி எழுத நமக்குக் கை வரவில்லை. ஆனால் இந்த நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதையும் எழுதாமல் விட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வண்டியாகப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அதே லயத்துப் பக்கம் மறுபடியும் நின்றோம். காலையில் நாலு வண்டிகள் போயிருந்தன. ஆறு மணிக்கு மழை பிடித்தது. ஆறரைக்கு இரண்டு வண்டிகள் வந்தன. அக்கா வாசல் படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை, முறம் மட்டும் நின்று நின்று போனது. ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் மூன்றாவது வண்டியும், அதன் பின்னாலேயே மகனும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள். கெர்லிங்கில் கூட்டாளி டயர் ஆணி குத்தி, டியூப் ஒட்டிக்கொண்டு வந்தார்களாம்.

"பிடிச்சிச்சாடா?" என்றார் அக்கா.

"பிடிச்சிச்சும்மா."

"சட்டையக் கழட்டு. தண்ணி சுட வெச்சிருக்கேன்."