கல்லீரலும் ‘நாளமில்லாச் சுரப்பி’ என்னும் சொல்லும்

ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளைக் குறிக்க ‘நாளமில்லாச் சுரப்பி’ என்னும் தொடர் பாடநூல்களின் வழியே தமிழில் வேரூன்றியுள்ளது. கல்லீரலைப் பற்றி எழுதுங்கால் இத்தொடர் இடர் தருகின்றது. கல்லீரலுக்குப் பித்தநாளம் உண்டு. ஆயினும் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி-1 என்னும் ஹார்மோனை அது நேரே குருதியில் சேர்க்கின்றது. குறை சொல்லில்தான் உள்ளது. ‘அகச்சுரப்பு’ என்பது தொழிலைச் சுட்டுவதால் இங்குப் பொருந்தும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், உடலெங்கும் பரவுமுன் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடைகின்றது. அங்கே ஏறத்தாழ 50 விழுக்காடு முதற்கடப்பிலேயே கல்லீரற் செல்களால் உள்வாங்கப்பட்டுச் சிதைக்கப்படுகின்றது. தசையும் கொழுப்புத் திசுவும் பெறுவது எஞ்சிய பங்கே. இச்செயலை ‘வெளியேற்றம்’ எனப் பெயர்த்தால், இன்சுலின் பித்தத்திலோ சிறுநீரிலோ கழிவதாகவே படிப்பவர் கொள்வார். இது வெறும் சொல்வழக்கு அன்று. கொழுப்பேறிய கல்லீரலில் இச்சிதைவு குறைவதுண்டு. அந்நிலையில் குருதியில் இன்சுலின் மிகுவதற்குக் கணையத்தின் மிகைச்சுரப்பு மட்டுமே காரணமாகாது. ‘வெளியேற்றம்’ என்று படித்தவரோ சிறுநீரகத்தை ஐயுறுவார்.

‘சிதைத்தகற்றல்’ என்பது என் பரிந்துரை. சற்று நீண்ட சொல்தான். எனினும் செயல் இரண்டும் அதில் அடங்கும். மேலும், இன்சுலினுடன் சம அளவில் கணையம் வெளியிடும் சி-பெப்டைடைக் கல்லீரல் பெரும்பாலும் உள்வாங்குவதில்லை. கணையச் சுரப்பை மதிப்பிட மருத்துவர் அதனை அளப்பது இதனாலேயே. ‘வெளியேற்றம்’ என்ற சொல்லைக்கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.