ரொட்டிக்குள் ஒரு தலை

'யூஸ் யுவர் லோஃப்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், ரொட்டியைத் தேடக் கூடாது. 'மூளையைப் பயன்படுத்து' என்பதே அதன் பொருள். 'லோஃப் ஆஃப் பிரெட்' என்றால் ஒரு முழு ரொட்டி. அதில் வரும் 'பிரெட்', தலையைக் குறிக்கும் 'ஹெட்' என்ற சொல்லோடு ஓசை ஒத்தது. அதனால் ரொட்டியே தலைக்கு மாற்றுப் பெயராயிற்று.

19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களில் கூவி விற்பவர்களிடையே புழங்கிய பேச்சு இது. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலும் இது இடம்பெற்றது. 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்றால் 'ஸ்டேர்ஸ்', அதாவது மாடிப்படி. 'டீ லீஃப்' என்றால் 'தீஃப்', அதாவது திருடன்.

சிக்கல் எங்கே வருகிறது? ஓசை ஒத்த கடைசிச் சொல்லைப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 'லோஃப்' மட்டும் நிற்கும், 'பிரெட்' மறைந்துவிடும். தமிழ்ச் செய்யுளில் அடியின் இறுதி ஓசை ஒத்து வருவதை இயைபு என்கிறோம். இங்கே அந்த இயைபே மறைந்துவிடுவதால், தனிச் சொல்லின் நேர்ப்பொருள் தெரிந்தவருக்கும் கருத்து பிடிபடாது. கண்டிப்பை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவிடவும் கூடும்.

தேர்வுக் கட்டுரையிலோ அலுவலகக் கடிதத்திலோ இவற்றை எழுத வேண்டாம். காதில் விழும்போது பொருள் புரிந்தால் போதும்.