கொட்டாங்கச்சிக் கரிக்கு ஃப்ளோரைடு போகுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களிடம் குடிதண்ணீரைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: “போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்குங்கறாங்க. கொட்டாங்கச்சிக் கரி போட்டு வடிகட்டினா போயிடுமாங்க?”

போகாது. ஆனால் வேளாண் கழிவை வைத்து ஃப்ளோரைடை எடுக்க வழி இருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் கரி. கொட்டாங்கச்சியைக் காற்று அதிகம் புகாமல் சுட்டால் கரி கிடைக்கும். அதையே 900 டிகிரி வாக்கில் நீராவி செலுத்திச் சூடாக்கினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். வடிகட்டிகளில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இதுதான். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம். தண்ணீரில் கரைந்த பூச்சிமருந்து, சாயம், கெட்ட வாடை தரும் பொருள்கள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும்.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேறு மாதிரி. தண்ணீரில் அவற்றுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. வைக்கோல், ஆரஞ்சுத் தோல், நாம் வடிகட்டி எறியும் டீத்தூள் சக்கை ஆகியவற்றின் மேல்பரப்பில் எதிர்மின் தன்மையுள்ள இடங்கள் நிறைய. உலோகம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஃப்ளோரைடுக்கோ எதிர்மின்னூட்டம். வெறும் கரியும் சக்கையும் அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதற்கு ஒட்டுதல் உள்ள உலோகம் அலுமினியம். அந்த அலுமினியத்தைத் தாங்கி நிற்க ஆய்வாளர்கள் உமிச்சாம்பலை எடுத்துக்கொண்டார்கள். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதை அலுமினிய உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காரம் சேர்த்தால், அலுமினியம் ஹைட்ராக்சைடு வெண்மையாகத் திரண்டு சாம்பல் துகள்மேல் படியும். கழுவிக் காயவைத்தால் வடிகட்டும் பொருள் தயார். இங்கே ஃப்ளோரைடைப் பிடிப்பது அலுமினியப் பூச்சு; அந்தப் பூச்சைத் தாங்கி நிற்பது சாம்பல். இதே முறையில் இரும்புப் பூச்சு கொடுத்தால் ஆர்சனிக்கைப் பிடிக்கும். வங்காளத்துக் குழாய்க் கிணறுகளுக்கு வேண்டியது அது. உமிச்சாம்பலில் வெள்ளி நுண்துகள் ஏற்றி 2009-இல் டாடா ஸ்வச் வடிகட்டி வந்தது. அதன் வேலை கிருமியைக் கொல்வது. எந்த நஞ்சோ அதற்குத் தக்க பூச்சு.

இனி, இப்படிப்பட்ட வடிகட்டியை விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவற்றுக்கு வருவோம். “90 சதவீதம் நீக்கியது” என்று ஓர் ஆய்வு சொன்னால், எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள். ஆய்வகத்தில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஃப்ளோரைடை மட்டும் கலந்து சோதிப்பார்கள். நம் கிணற்று நீரில் பைகார்பனேட்டும் பிற உப்புகளும் அதே இடங்களுக்குப் போட்டி போடும். நீர் காரத்தன்மையாக இருந்தால் பிடிப்பு இன்னும் குறையும்.

அடுத்தது, எத்தனை குடம் வரை தாங்கும்? பிடிக்கும் இடங்கள் நிறைந்துவிட்டால் ஃப்ளோரைடு அப்படியே வெளியே வரும். நிறமோ ருசியோ மாறாது, சோதித்தால்தான் தெரியும். நிறைந்த சாம்பலை என்ன செய்வது என்பதையும் கேட்டுவிடுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த நஞ்சு எல்லாம் இப்போது அதில் இருக்கிறது. கொல்லையில் கொட்டினால் மழையோடு மறுபடி கிணற்றுக்கே போகும். பழைய பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு இல்லாத வடிகட்டி, எவ்வளவு மலிவாக இருந்தாலும் அரைகுறை வேலைதான்.

உமியும் கொட்டாங்கச்சியும் நம் ஊரில் மலையாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து நல்ல குடிநீர் வடிகட்டிகள் வர வேண்டும், கிராமத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் இத்தனை கேள்விகள். பரிசோதிக்காத ஒன்றை நம்பிக் குடித்தால் கெடுவது பிள்ளைகளின் உடம்பு.

இன்றைக்குச் செய்யக்கூடியது: ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் காய்ச்சிக் குடிப்பதால் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடிநீர் வராத நாளில், சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். அதில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. நல்ல தண்ணீர் கொஞ்சமே இருந்தால் முதலில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுங்கள். நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயது அது. அப்போது ஃப்ளோரைடால் விழும் பழுப்புக் கறை பிறகு தானாகப் போவதில்லை.