குளிப்பதற்கு முன் ஆஸ்பத்திரி

ஆண்டு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். யாரும் எழுதாததால்தான் நம்மில் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி வீடு வந்து சேர்ந்தால், தருவைகுளமானாலும் சரி, வேறு ஊரானாலும் சரி, பெரியவர்கள் வாயில் முதலில் வருவது, "மொதல்ல தலைக்கு ஊத்திட்டு வா மக்கா" என்பதுதான். பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரோடு சாட்சியமும் போய்விடும். உடம்பிலும், உடையிலும், நகக்கண்ணிலும் ஒட்டியிருப்பதுதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. தடயம். ஆகவே குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், அதே உடையோடு ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. உடை மாத்தியே ஆகணும்னா, துவைக்காமல் சுத்தமான காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். மீன் வாங்குற பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது! ஈரம் உள்ளேயே தங்கி, பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து தடயத்தை அழித்துவிடும்.

குளிச்சாச்சா? பரவாயில்லை, அப்பவும் போகணும். 72 மணி நேரத்துக்குப் பிறகு தடயம் கிடைப்பது வெகுவாகக் குறையும். ஆனாலும் 96 மணி வரை சேகரிக்கலாம் என்கிறது மத்திய அரசின் 2014 வழிகாட்டி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணிக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பத் தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நமக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியும் உடனே இலவச சிகிச்சை தரவேண்டும், மறுத்தால் குற்றம். போலீசுக்குத் தகவல் சொல்வது அவர்கள் பொறுப்பு. பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் தேவை. அவள் மறுத்தாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. 'இரு விரல் சோதனை' செய்பவர் நடத்தை விதியை மீறியவராவார் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது.

"எங்க எல்லை இல்ல" என்று எந்தப் போலீஸ் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. முதலாண்டில் பலருக்குப் பதினெட்டு ஆகியிருக்காது. அவர்களுக்கு போக்சோ சட்டம், பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

நாள் கடந்துவிட்டால்? பொள்ளாச்சியில் 2019 பிப்ரவரி 12-ல் நடந்ததற்கு அந்த மாணவி 24-ஆம் தேதிதான் புகார் கொடுத்தார். அங்கே வழக்கைத் தாங்கியது செல்போன், லேப்டாப்பிலிருந்த வீடியோக்களும், கடைசி வரை பிறழாத சாட்சிகளும். 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. எனவே மிரட்டல் மெசேஜ் வந்தால் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். தேதியோடு அப்படியே இருக்கட்டும்.

அதே வழக்கில் அந்த மாணவியின் பெயரை ஒரு போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஹாஸ்டலில் "யாருடா அது?" என்று கேட்பவனும் அதைத்தான் செய்கிறான். பெயரை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை உண்டு.