மெதுவான இணைப்பும் கணனியின் காவலும்

இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைக் கூரையில் செருகிவிட்டு வந்தவர்கள் எம்மிடையே பலர். அதனால்தான் கைவசமுள்ள உறுதி, பேர்மிற், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை எமது கிராம நிலையங்களின் கணனிகளில் சேர்த்து வருகிறோம். ஒருநாள் தூரத்து நிலையமொன்றில், ஒரு குடும்பத்தின் பிரதிகள் இருந்த பென்ட்றைவைத் திறந்தபோது ஆவணங்களைக் காணவில்லை. அதே பெயரில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டுமே இருந்தன. பிரதியெடுக்கும் கடையொன்றில் தொற்றிய வைரஸ் அது. நல்லகாலமாக இந்த வகை ஆவணங்களை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. மீட்டுவிட்டோம்.

அந்தக் கணனியில் அன்ரிவைரஸ் இல்லாமலில்லை. ஆனால் அதன் பட்டியல் நான்கு மாதம் பழையது. டேற்றா வீணாகும் என்று புதுப்பித்தலை நிறுத்தச் சொன்னவர்களும் நாமே.

அன்ரிவைரஸ் தன்னிடமுள்ள அடையாளப் பட்டியலைக் கொண்டே பெரும்பாலான வைரஸ்களை இனங்காண்கிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் இலவசமாக வரும் டிபெண்டருக்கு நாளொன்றுக்குப் பல தடவை புதிய பட்டியல் வெளியாகிறது. ஒழுங்காகப் புதுப்பிக்கும் கணனி, முன்னையதிலிருந்து மாறிய பகுதியை மட்டும் இறக்கிக்கொள்ளும். பட்டியல் பழையதாகப் பழையதாக இறக்கவேண்டிய அளவும் கூடும். பலநாள் விட்டால் முழுவதையும் இறக்க நேரிடும். நாம் செய்த சிக்கனம் இப்படித்தான் செலவாயிற்று.

கணக்கைப் பாருங்கள். முழுக் கோப்பு 150 மெகாபைற் என்று கொள்வோம். செக்கனுக்கு 256 கிலோபிற் வரும் இணைப்பில் அதற்கு ஏறத்தாழ ஒரு மணி 20 நிமிடம் செல்லும். பத்துக் கணனிகளும் தனித்தனியே இறக்கினால் 13 மணித்தியாலம். 5 மெகாபைற் மாற்றம் மட்டுமென்றால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் வாய்க்காலின் கடைசி வயலுக்கு என்ன கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே ஒவ்வொரு கணனிக்கும் வெவ்வேறு நேரம் வைத்தோம். இரவு நேரமே நல்லது.

இணைப்பே இல்லாத இடத்துக்கு வேறு வழியுண்டு. டிபெண்டரின் முழுக் கோப்பை மைக்ரோசொவ்ற் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. நகரில் ஒருமுறை இறக்கி, பென்ட்றைவில் கொண்டுபோய் ஒவ்வொரு கணனியிலும் இயக்கினால் போதும். 32 பிற், 64 பிற் கணனிகளுக்குக் கோப்பு வேறு என்பதைக் கவனியுங்கள். அந்தப் பென்ட்றைவை வேறெந்த வேலைக்கும் கொடுக்கவேண்டாம். வைரஸுக்கும் அதுதான் வாகனம்!

பட்டியல் மட்டும் போதாது. விண்டோஸின் ஓட்டைகளையும் அடைக்கவேண்டும். 2017 மே 12இல் பரவிய வனாகிறை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் வைத்தியசாலைகளும் அதனால் முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14இலேயே வெளிவந்திருந்தது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. டிபெண்டர் பட்டியல் தொடர்ந்து வந்தாலும், அந்தக் கணனிகளை மாற்றும் ஒழுங்குகளை நிலையங்கள் செய்யவேண்டும்.

உங்கள் ஆவணம் உள்ள நிலையத்தில், பட்டியல் கடைசியாகப் புதுப்பித்த திகதியைக் காட்டும்படி கேளுங்கள். விண்டோஸ் செக்கியூரிற்றியில் அது தெரியும். இன்னொரு பிரதி வெளி வட்டொன்றில், கணனியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.